பரோல்ல வெளிய வந்த பையன் கண்டிஷனை மீறிட்டான், ரிப்போர்ட் எழுதறதா விடறதா?

புதுப்பேனா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எந்த ஊரு எந்த ஆபீஸுன்னு சொல்லல, சொன்னா பையன் யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அடையாளம் தெரியாம இருக்க சின்னச் சின்ன விஷயத்த மாத்தியும் இருக்கேன்.

நான் இந்த வேலைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. சிறார் இல்லத்துல இருந்து கண்டிஷன் போட்டு முன்கூட்டியே வெளிய விடுற பசங்கள கவனிச்சுக்கற வேலை. என் கையில 16 வயசு பையன் ஒருத்தன் இருக்கான். வெளிய வந்து மூணு மாசம். முதல் ரெண்டு மாசம் ஒரு குறையும் சொல்ல முடியாது, சொன்ன நேரத்துக்கு வருவான், கையெழுத்து போடுவான், தலையை ஆட்டிட்டு போயிடுவான். மூணாவது மாசம் வரிசையா வருது. ரெண்டு வாரம் தொடர்ந்து ரிப்போர்ட் பண்ண வரல. ராத்திரி எட்டு மணிக்குள்ள வீட்ல இருக்கணும்னு கண்டிஷன், ஒரு நாள் எட்டே முக்காலுக்கு வந்திருக்கான், இன்னொரு நாள் ஒன்பது தாண்டிடுச்சு. அப்புறம் யாரோட சேரக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட் குடுப்பாங்கல்ல, அதுல இருக்கற ஒருத்தனோட நின்னு பேசிட்டு இருந்தான்னு தகவல். அந்த ஒருத்தன் யாருன்னு பார்த்தா இவனோட பெரியம்மா பையன்! ஒரே வீட்ல மாடியும் கீழயுமா இருக்காங்க. இதை எழுதினவங்களுக்கு அது தெரியுமா தெரியாதான்னே எனக்கு புரியல.

என் சீனியர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "மூணு ஆயிடுச்சு, மீறல் ரிப்போர்ட் போட்டு உள்ள அனுப்பிடு. நாளைக்கு இவன் ஏதாவது பண்ணிட்டான்னா உன் பேருதான் அடிபடும்." அவரை நான் குறை சொல்லல, ஏற்கனவே ஒரு தடவை அந்த மாதிரி மாட்டி பட்டவர். ஆனா இந்தப் பையன் புதுசா எந்தக் குத்தமும் பண்ணல. திருப்பி அனுப்பிட்டா அவனுக்கு கிடைச்ச தொழில் பயிற்சி போயிடும், அது அவனுக்கு கிடைக்கறதுக்கு நான் எத்தனை பேர்கிட்ட பேசினேன்னு எனக்குத்தான் தெரியும்.

திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணணும். எதையும் எழுதாம அப்படியே விட்டுடலாமான்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு, பொய் சொல்லல. இந்த வேலைல இருந்தவங்க, சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்.


பழைய_ஃபைல்:

தங்கச்சி, 27 வருஷம் இதே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் சொல்றேன், எழுதாம மட்டும் விட்டுடாத. இன்னைக்கு பாவம்னு மறைச்சா நாளைக்கு அது வெளிய வரும்போது உன் வேலையும் போகும், அவன் பக்கம் பேச ஒரு ஆளும் இல்லாம போயிடும். உன் சீனியர் ரெண்டு விஷயத்த ஒண்ணா முடிச்சு போட்டு வெச்சிருக்கார், நீயும் அதையே புடிச்சிட்டு தவிக்கற. ரிப்போர்ட் எழுதறது வேற, உள்ள அனுப்பச் சொல்றது வேற. நடந்தது எல்லாத்தையும் தேதி போட்டு எழுது, கடைசில "பரிந்துரை"ன்னு ஒரு இடம் வரும் பாரு, அங்கதான் உன் மூளைக்கு வேலை.

எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. அவன் கண்டிஷன் பேப்பரை எடுத்துட்டு போய் அவன் எதிர்ல உக்காந்து, ஒவ்வொண்ணா அவனையே வாய் விட்டு படிக்கச் சொல்லி, படிச்சதுக்கு அர்த்தம் என்னன்னு கேளு. நான் வேலைக்கு சேர்ந்த ஏழெட்டு வருஷம் கழிச்சுதான் இதை ஆரம்பிச்சேன், அதுக்கு முன்னாடி எத்தனை பசங்களை தப்பா எழுதியிருப்பேனோ. ஒரு பையன் "அனுமதியின்றி வசிப்பிடத்தை மாற்றக்கூடாது"ன்னு இருந்ததை படிச்சுட்டு, அனுமதி இல்லாம வீட்டை விட்டு வெளிய கால் வைக்கக்கூடாதுன்னு புரிஞ்சு வெச்சிருந்தான். அதனால தினம் தினம் மீறிட்டு இருக்கோம், எப்படியும் மாட்டத்தான் போறோம், அப்புறம் கையெழுத்து போட போனா என்ன போகாட்டி என்னன்னு விட்டுட்டான். ஒரு வார்த்தை புரியாம மூணு மாசம் பயந்து ஓடிட்டு இருந்திருக்கான் அந்தப் புள்ள.

இன்னொண்ணு. ஒரு பொண்ணு, 15 வயசு. கவுன்சிலிங் நாலு வாரம் வரலைன்னு எழுதி வந்துச்சு. அலட்சியம், ஒத்துழைப்பு இல்லைன்னு ரெண்டு வரி. நேர்ல போய் பார்த்தா கவுன்சிலிங் நடக்கற கட்டடத்தோட வாசல் சரியா அவ ஸ்கூல் பசங்க பஸ்ஸுக்கு நிக்கற இடத்துக்கு எதிர்ல இருக்கு. பொண்ணு நாலு வாரமும் கிளம்பி வந்திருக்கா, அந்தத் தெருவை ரெண்டு சுத்து சுத்திட்டு கூட்டம் கலையலைன்னு வீட்டுக்கு திரும்பிட்டா. நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சோம், அவ்வளவுதான், அப்புறம் ஒரு வாரம் கூட தவறல. அந்த ரெண்டு வரியை நம்பி நான் கையெழுத்து போட்டிருந்தேன்னா அவ உள்ள போயிருப்பா.

அதனால முதல்ல காரணத்தைக் கேளு. ரெண்டு வாரம் வரல சரி, அந்த ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என்ன மாறுச்சு? ரெண்டு மாசம் ஒழுங்கா வந்தவன் திடீர்னு மாறினா நடுவுல ஏதோ ஒண்ணு நடந்திருக்கும். மறுபடி தப்பு வழியா இருக்கலாம், வேலை நேரமா இருக்கலாம், வீட்ல அடிதடியா இருக்கலாம். மூணுக்கும் மருந்து வேற வேற.


நேர்வழி:

எல்லாரும் பையனுக்காக உருகறீங்க, சரி, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன், திட்டாதீங்க. என் தம்பியை ஒரு 17 வயசு பையன் அடிச்சு காதுல நிரந்தரமா குறை வந்துடுச்சு. அந்தப் பையன் அப்போ இதே மாதிரி கண்டிஷன்ல வெளிய இருந்தவன்தான். அதுக்கு முன்னாடி அஞ்சாறு தடவை மீறியிருக்கான், ஒவ்வொரு தடவையும் "இனிமே பண்ணாத"ன்னு வாயால சொல்லி அனுப்பியிருக்காங்க, பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல.

எட்டு மணின்னா எட்டு மணி. அதுக்கு அர்த்தம் இல்லைன்னா எதுக்கு போடறீங்க? அமெரிக்கால ஹவாய்ல ஸ்டீவன் ஆம்னு ஒரு ஜட்ஜ் 2004ல ஹோப்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சார். மீறினா உடனே, ஒவ்வொரு தடவையும், தப்பாம தண்டனை, ஆனா சின்னதா, ஒரு நாள் ரெண்டு நாள். மாசக்கணக்குல விட்டுப் பிடிச்சு ஒரே அடியா வருஷக்கணக்குல போடறதை விட இது நியாயம்தானே. அங்க நல்ல பலன் வந்துச்சுன்னு படிச்சேன். புள்ளை வளர்க்கறவங்களுக்கே தெரியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கண்டிச்சா எந்தப் புள்ளையும் திருந்தாது.


பழைய_ஃபைல்:

நேர்வழி தம்பி, உங்க தம்பிக்கு நடந்தது கஷ்டம்தான், இப்படி ஒரு ஆள் இந்த இடத்துல பேசணும், பேசுங்க. அஞ்சாறு தடவை வாயால சொல்லி அனுப்பினது முழுத் தப்பு. நானும் அதைத்தான் தங்கச்சிகிட்ட சொல்றேன், எழுதாம விடாதன்னு.

ஹோப் பத்தி நீங்க படிச்சது பாதி கதை. ஹவாய்ல நல்லா வந்துச்சு, உண்மை. அதை நம்பி அமெரிக்காலயே வேற நாலு இடத்துல அப்படியே செஞ்சு பார்த்தாங்க, 2016ல முடிவு வந்துச்சு, வழக்கமான முறையை விட பெருசா எந்த நன்மையும் தெரியல. அதுவும் இது எல்லாம் பெரியவங்களை வெச்சு செஞ்சது. அதே மாதிரி 1993ல பீட்டர்சிலியா, டர்னர்னு ரெண்டு பேர் 14 இடத்துல தீவிர கண்காணிப்புத் திட்டங்களை ஆராய்ச்சி பண்ணாங்க, அதுவும் பெரியவங்கதான். கண்காணிப்பை இறுக்க இறுக்க குத்தம் குறையல, கண்டிஷன் மீறல் மட்டும் நிறைய கண்ணுல பட்டுச்சு. ஏன்னா பார்க்க ஆள் நிறைய. டார்ச் அடிச்சு தேடினா தூசி தெரியத்தான் செய்யும்.

உடனே ஒரு பதில் குடுக்கணும்ங்கறதுல உங்க கட்சிதான் நான். அந்தப் பதில் எப்பவும் பூட்டுதானாங்கறதுலதான் சண்டை. 16 வயசுக்காரன் மூணு வாரம் கழிச்சு வர்ற தண்டனையை தான் பண்ணின தப்போட சேர்த்துப் பார்க்கவே மாட்டான், அதுக்குள்ள அவனுக்கு ஒரு யுகம் ஓடியிருக்கும். ஆனா அதே வயசுக்காரனை ரெண்டு நாள் உள்ள போட்டா அந்த ரெண்டு நாள்ல ஸ்கூல்ல பேர் போகும், வேலை குடுத்தவன் கையை விரிப்பான், உள்ள புதுசா நாலு பேர் பழக்கம் ஆவாங்க. ரெண்டு நாள்னு நாம சொல்றோம், அவனுக்கு ரெண்டு நாளோட முடியறதில்ல.


பாரா14:

நான் வக்கீல், சிறார் கேஸ்தான் நிறைய பார்க்கறேன். பேரைப் பார்த்து சிரிக்காதீங்க, காரணம் கீழ வருது.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடறேன். ப்ரொபேஷன்னா உள்ள அனுப்பறதுக்குப் பதிலா ஆரம்பத்துலயே கண்காணிப்புல வெளிய விடறது. பரோல்னா உள்ள இருந்தவனை காலம் முடியறதுக்கு முன்னாடி கண்டிஷனோட விடறது. பசங்க விஷயத்துல நிறைய நாட்டுல பரோல்ங்கற பேரே கிடையாது, ஆஃப்டர்கேர், கண்டிஷனல் ரிலீஸ், மேற்பார்வை விடுவிப்புன்னு இடத்துக்கு ஒரு பேர். பேர் என்னவா இருந்தாலும் மீறினா என்னங்கற கேள்வி ஒண்ணுதான்.

இதுக்கு ஐநா சபை 1990லயே விதி போட்டிருக்கு, டோக்கியோ விதிகள்னு சொல்வாங்க, காவல்ல வைக்காத தண்டனைகளைப் பத்தினது. அதுல 14வது விதி முழுக்க கண்டிஷன் மீறலுக்குத்தான். மீறினா கண்டிஷனை மாத்தலாம், ரத்தும் பண்ணலாம், ஆனா கண்காணிக்கற அதிகாரி சொல்றதையும் மீறினவர் சொல்றதையும் ரெண்டையும் கவனமா ஆராய்ஞ்ச பிறகுதான். வெளிய விட்டது பலிக்கலைன்னா தானா உள்ள போகணும்னு ஆகிடக்கூடாது, முதல்ல வேற வழி இருக்கான்னு பார்க்கணும். மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. அதுக்கு ரெண்டு விதி முன்னாடி 12ல என்ன இருக்கு தெரியுமா? கண்டிஷன்கள் நடைமுறைக்கு ஒத்து வர்றதா, தெளிவா, முடிஞ்ச வரைக்கும் கம்மியா இருக்கணும். மேல வீட்ல குடியிருக்கற பெரியம்மா பையனோட பேசக்கூடாதுங்கறது நடைமுறைக்கு ஒத்து வர்ற கண்டிஷனா? மேடம், உங்க பையன் அந்தக் கண்டிஷனை மீறினான்னு எழுதறதை விட, அந்தக் கண்டிஷனை யாராலயும் காப்பாத்த முடியாதுன்னு எழுதறதுதான் சரி. தினம் மாடிப்படில ஒருத்தரை ஒருத்தர் தாண்டித்தானே ஆகணும்.

பசங்களுக்குன்னே 1985ல வந்த பெய்ஜிங் விதிகள் இருக்கு, காவல்ல வைக்கறது கடைசி வழியா, குறைஞ்ச காலத்துக்கு மட்டும்னு சொல்லுது. 1989 குழந்தை உரிமை ஒப்பந்தத்துல 37வது பிரிவும் அதையேதான் சொல்லுது. இது வெறும் ஆசீர்வாதம் இல்ல, நிறைய நாட்டு சட்டத்துல அப்படியே ஏறியிருக்கு. இந்தியால 2015 சிறார் நீதிச் சட்டம் 97வது பிரிவுப்படி இல்லத்துல இருந்து கண்டிஷனோட விடுவிக்கலாம், கண்டிஷனை நிறைவேத்தலைன்னா "தேவைப்பட்டால்" திரும்ப இல்லத்துல வைக்க இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் இருக்கு. அந்தத் தேவைப்பட்டாலை யாரும் படிக்கறதில்ல, வக்கீல்களும் சேர்த்துதான் சொல்றேன். இல்லத்துல இருந்து ஓடிப்போன பையனைப் பிடிச்சாக்கூட ஓடினதுக்காக தனியா ஒரு நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு 26வது பிரிவு சொல்லுது. ஓடினவனுக்கே அப்படின்னா முக்கால் மணி நேரம் லேட்டானவனுக்கு?

விசாரணை இல்லாம திருப்பி அனுப்பலாமான்னு கேட்டா, அமெரிக்கால 1972ல மோரிஸி வழக்குல உச்ச நீதிமன்றம் பெரியவங்க பரோலுக்கே ஒரு நடைமுறை வகுத்துடுச்சு. என்ன மீறல்னு எழுத்துல குடுக்கணும், ஆதாரத்தைக் காட்டணும், அவன் பேச, சாட்சி கூப்பிட வாய்ப்பு குடுக்கணும், நடுநிலையான ஆள் கேக்கணும், முடிவுக்கு காரணம் எழுதணும். அடுத்த வருஷமே அதை ப்ரொபேஷனுக்கும் நீட்டினாங்க.

இன்னொரு கதை, இதை சொல்லாம விட மனசு வரல. 1964ல அரிசோனால ஜெரால்ட் கால்ட்னு 15 வயசு பையன். பக்கத்து வீட்டம்மாவுக்கு ஆபாசமா ஃபோன் பண்ணினான்னு புகார். பெரியவங்க யாராவது அதைச் செஞ்சிருந்தா அதிகபட்சம் 50 டாலர் ஃபைன், இல்லைன்னா ரெண்டு மாசம் ஜெயில். இவனை 21 வயசு வரைக்கும் உள்ள வைக்கலாம்னு அனுப்பிட்டாங்க, புகார் குடுத்த அம்மா விசாரணைக்கு வரவே இல்ல. நிறைய பேர் கவனிக்காத விஷயம், அவன் அப்போ ஏற்கனவே ப்ரொபேஷன்ல இருந்தான். அதுவும் பர்ஸ் திருடின இன்னொரு பையனோட கூட இருந்ததுக்காக! 1967ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை தூக்கிப் போட்டு பசங்களுக்கும் வக்கீல் வெச்சுக்கற உரிமை, குற்றச்சாட்டை முன்கூட்டி தெரிஞ்சுக்கற உரிமை எல்லாம் உண்டுன்னு சொல்லுச்சு. ஏற்கனவே கண்காணிப்புல இருக்கற பையன் மேல வர்ற எந்தப் புகாரும் எவ்வளவு சுலபமா நம்பப்படும்னு அந்த வழக்கைப் படிச்சா தெரியும். உங்களுக்கு வந்த "பார்த்ததா தகவல்" யார் சொன்னது மேடம்? அதை முதல்ல விசாரிங்க.


அப்போ17:

நான் படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்குதான் முதல் தடவையா எழுதறேன். இப்ப எனக்கு 29 வயசு, வேலை, குடும்பம்னு இருக்கேன். 17 வயசுல நானும் அந்த கண்டிஷன் பேப்பரை பாக்கெட்ல வெச்சிட்டு திரிஞ்சவன்தான்.

எனக்கு கால்ல பட்டை கட்டி விட்டாங்க, எங்க போறேன்னு காட்டற மெஷின். வெளில இருந்து பார்க்க சின்ன விஷயம். தினம் ரெண்டு மணி நேரம் சுவத்துல இருக்கற ப்ளக் பாயிண்ட் பக்கத்துல காலை நீட்டி உக்காந்து சார்ஜ் போடணும், வயர் ரெண்டு முழம்தான் இருக்கும், செல்ஃபோனா இருந்தா வெச்சிட்டு போயிடலாம், இது கால்ல இருக்கே. எங்க வீட்ல இருந்த ஒரே ப்ளக் பாயிண்ட் வாசக்கதவு பக்கம். வர்றவங்க போறவங்க எல்லாரும் என் காலைத் தாண்டித்தான் உள்ள வரணும். தங்கச்சி ஃப்ரெண்ட்ஸ் வந்தா போர்வையைப் போட்டு மூடிப்பேன். ஒரு நாள் பரீட்சை எழுதிட்டு இருக்கும்போது சார்ஜ் இறங்கி அது கத்த ஆரம்பிச்சுடுச்சு, ஹால்ல அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் பேப்பரைக் குடுத்துட்டு எழுந்து போயிட்டேன். அன்னைக்கு என் ஃபைல்ல என்ன எழுதினாங்க தெரியுமா, "சாதனத்தை சார்ஜ் செய்யத் தவறினார், பள்ளியிலிருந்து அனுமதியின்றி வெளியேறினார்". ரெண்டு மீறல். ரெண்டும் உண்மைதான், பொய்னு சொல்ல முடியாது.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு விஷயம் படிச்சேன். இந்த மாதிரி ஆளைத் தேடற மெஷினை முதல்ல செஞ்சவங்க 1960கள்ல ஹார்வர்ட்ல இருந்த ரெண்டு அண்ணன் தம்பிங்களாம், கேபிள்னு பேரு, ட்வின்ஸ். அவங்க அதை செஞ்சது எதுக்குன்னா பையன் சொன்ன நேரத்துக்கு சொன்ன இடத்துக்கு வந்துட்டா அவனுக்கு பரிசு குடுக்கறதுக்கு! வந்ததைப் பார்க்கறதுக்கு செஞ்ச சாமானை வராததைப் பார்க்கறதுக்கு ஆக்கிட்டாங்க. அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

எனக்கு திருப்பம் வந்தது மூணாவதா வந்த ஆபீஸரால. அவர் ஒரு நோட்டு வெச்சிருந்தார், நான் சரியா வந்த நாளையும் அதுல எழுதுவார். நாலு வாரம் ஒழுங்கா வந்தா வீட்டுக்கு வர்ற நேரம் அரை மணி தள்ளிப்போகும், அடுத்த நாலு வாரத்துக்கு இன்னொரு அரை மணி. தவறினா ஒரு படி இறங்கும், முழுசா கீழ விழ மாட்டேன். ஒரு தடவை ரெண்டு படி இறக்கினார், எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா ஏன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்ல, எனக்கே தெரியும். மீறினா என்ன ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சதால அவர்கிட்ட பொய் சொல்ல வேண்டி வரல. அதுக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட பொய்யைத் தவிர வேற எதுவும் சொன்னதே இல்ல நான்.

நேர்வழி அண்ணே, உங்க தம்பி விஷயம் படிச்சேன். நான் அடிச்ச பையனுக்கும் ஒரு அண்ணன் இருந்திருப்பான். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.


நேர்வழி:

அப்போ17, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் தம்பி. அந்தப் படிப்படியா ஏறி இறங்கறது எனக்கு பிடிச்சிருக்கு. நான் கேட்டதும் அதுதான், மீறினா ஏதாவது ஒண்ணு நடக்கணும்னு. எங்க கேஸ்ல எதுவுமே நடக்கல, அதுதான் கோவம். ஆனா ஒண்ணு கேக்கறேன், எல்லா மீறலையும் ஒரே தட்டுல வைக்க முடியாதே? அடி வாங்கினவங்க வீட்டுப் பக்கம் போகக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன் இருந்து அதை மீறினா அப்பவும் அரை மணி நேரம்தான் குறைப்பீங்களா?


பழைய_ஃபைல்:

சரியான கேள்வி. குறைக்க மாட்டோம். நல்லா நடத்தற இடத்துல எல்லாம் ஒரு கட்டம் போட்ட தாள் வெச்சிருப்பாங்க. மேல வரிசைல மீறல் எவ்வளவு பெருசு, பக்கத்துல இந்தப் பையனால மத்தவங்களுக்கு ஆபத்து எவ்வளவு. ரெண்டும் சேர்ற கட்டத்துல என்னென்ன செய்யலாம்னு நாலஞ்சு வழி எழுதியிருக்கும். லேட்டா வர்றது, ரிப்போர்ட் தவறறது ஒரு பக்கம். பாதிக்கப்பட்டவங்க வீட்டுப் பக்கம் போறது, ஆயுதம் வெச்சிருக்கறது, மிரட்டறது வேற பக்கம், அதுக்கு அன்னைக்கே கோர்ட்டுக்கு போகணும், எங்கிட்ட வந்தா நானும் ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டேன். புதுக் குத்தம்னா அது தனி வழக்கு, அதை கண்டிஷன் மீறல்னு சுருக்கி எழுதி குறுக்கு வழில உள்ள தள்றதும் தப்பு, ஆதாரம் இல்லாத கேஸை இந்தப் பக்கமா முடிக்கறவங்களை நான் பார்த்திருக்கேன்.

அந்தத் தாளால இன்னொரு லாபம் உண்டு. ஆபீஸருக்கு ஆபீஸர் தீர்ப்பு மாறாது. எங்க காலத்துல அது கிடையாது, ஒரே மீறலுக்கு நான் எச்சரிக்கை குடுப்பேன், பக்கத்து டேபிள்காரர் வாரண்ட் கேப்பார். பையனோட தலைவிதி எந்த டேபிளுக்கு ஃபைல் போச்சுங்கறதுல இருந்துச்சு.

உள்ள அதிக நாள் வெச்சா திருந்துவான்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். பாத்வேஸ்னு ஒரு பெரிய ஆய்வு, ஃபிலடெல்ஃபியாலயும் ஃபீனிக்ஸ்லயும் பெரிய குத்தம் பண்ணின 1,354 பசங்களை ஏழு வருஷம் விடாம பின்தொடர்ந்தாங்க. பெரும்பாலான பசங்க வயசு ஏற ஏற தானாவே குறைச்சுக்கிட்டாங்க. கூடுதல் மாசம் உள்ள இருந்ததால திரும்ப கைதாகறது குறைஞ்ச மாதிரி தெரியல. ஒரு சின்ன கூட்டம் மட்டும் தொடர்ந்து பண்ணுது, அவங்களை ஆரம்பத்துலயே அடையாளம் பிடிக்கறதுதான் கஷ்டம். நான் 27 வருஷத்துல பலமுறை தப்பா கணிச்சிருக்கேன், ரெண்டு பக்கமும்.


புதுப்பேனா:

எல்லாருக்கும் நன்றி, ஞாயித்துக்கிழமை முழுக்க இதையேதான் படிச்சிட்டு இருந்தேன். என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

நேத்து காலைல வீட்டுக்கு போனேன். அண்ணா சொன்ன மாதிரி பேப்பரை படிக்கச் சொன்னேன். 14 கண்டிஷன் இருக்கு, நானே அதுவரைக்கும் எண்ணினது இல்ல. "தீய சகவாசம்"ங்கற இடத்துல நின்னுட்டான், அப்படின்னா என்ன அக்கான்னு கேட்டான். ரெண்டு வாரம் வராதது ஏன்னா பயிற்சி கொடுக்கற இடத்துல ஷிஃப்ட் மாறிடுச்சு. நான் உக்கார்ற நேரமும் அவன் ஷிஃப்ட்டும் ஒண்ணு. சொன்னா பயிற்சியை விடச் சொல்லிடுவேனோன்னு பயந்து சொல்லாம விட்டிருக்கான். எட்டே முக்கால் ஆனதும் அதே ஷிஃப்ட்தான். ஒன்பது தாண்டினது மட்டும் வேற, அன்னைக்கு ஃப்ரெண்டு பர்த்டேக்கு போயிட்டேன்னு அவனே ஒத்துக்கிட்டான், நான் கேக்கறதுக்கு முன்னாடியே. பெரியம்மா பையனோட பார்த்ததா சொன்னது யாருன்னு விசாரிச்சேன், எதிர் வீட்டுக்காரர், மொட்டை மாடில ரெண்டு பேரும் துணி காயப்போட்டுட்டு இருந்ததைப் பார்த்திருக்கார்!

நாலையும் எழுதிட்டேன், ஒண்ணையும் மறைக்கல. ரிப்போர்ட்டுக்கு வேற நேரம் ஒதுக்கணும், வேலை நாள்ல ஒன்பது மணி வரைக்கும் அனுமதி, பெரியம்மா பையன் பேரை எடுத்துட்டு வீட்டுக்கு வெளிய ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தக்கூடாதுன்னு மாத்தணும், பர்த்டேக்கு போனதுக்கு ரெண்டு வாரம் சனி ஞாயிறு ஆறு மணிக்கே வீட்ல இருக்கணும்னு பரிந்துரை போட்டிருக்கேன். கடைசியா சொன்னதுக்கு அவன் முகம் சுருங்கிடுச்சு, ஆனா எதிர்த்துப் பேசல.

சீனியர் பத்து நிமிஷம் படிச்சார். "இது உன் தலைல விழும் தெரியுமில்ல"ன்னார். தெரியும் சார்னேன். கையெழுத்து போட்டுட்டார், ஓரத்துல "மீண்டும் மீறினால் உடனடியாகத் தெரிவிக்கவும்"னு ஒரு வரி எழுதிட்டு. விசாரணை அடுத்த வாரம், அங்க என்ன சொல்வாங்கன்னு தெரியல. ராத்திரி சரியா தூக்கம் வரல எனக்கு.


பாரா14:

மேடம், ரிப்போர்ட் காப்பி பையனுக்கும் அவங்க அம்மாவுக்கும் விசாரணைக்கு முன்னாடியே போகணும், அன்னைக்கு காலைல குடுத்தா பத்தாது. அவனுக்கு வக்கீல் இருக்காங்களான்னு கேளுங்க, இல்லைன்னா இலவச சட்ட உதவிக்கு இன்னைக்கே எழுதிப் போடுங்க. பயிற்சி குடுக்கறவங்ககிட்ட ஷிஃப்ட் மாறின தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கி இணைச்சுடுங்க, அந்த ஒரு தாள் உங்க பத்துப் பக்கத்தை விட அதிகம் பேசும்.


அப்போ17:

அக்கா, முதல் ரெண்டு மாசம் அவன் தவறாம வந்தான்னு மேல எழுதியிருந்தீங்களே. அது ரிப்போர்ட்ல இருக்கா?


புதுப்பேனா:

இல்ல. இப்பதான் பார்க்கறேன். காலைல போய் சேர்க்கறேன், எட்டு கையெழுத்து இருக்கு ரெஜிஸ்டர்ல, எட்டுக்கும் தேதி போட்டு.